மின்தேக்கியை இணைக்கும் கணம்: திருவண்ணாமலை வட்டார மின்வலையில் அழுத்த எழுச்சியும் அதை அடக்கும் வழிகளும்

மாறுதிசை மின்சாரத்தில் மின்தேக்கித் தொகுதி ஒன்றை இணைக்கும் கணத்தில், அந்த இடத்து மின்னழுத்தம் சட்டென்று சுழியை நோக்கிச் சரிகிறது. அடுத்த ஒன்றிரண்டு மில்லிநொடிகளில் தன் வழக்கமான உச்சத்தையும் தாண்டி எழுகிறது. பிறகு சில முறை அதிர்ந்து அடங்குகிறது. விளக்கு சிமிட்டியது போலக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில மில்லிநொடிகளில் ஆலையின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி நின்றுபோகலாம், எல்.இ.டி. விளக்கின் மின்னணுப் பாகம் கொஞ்சம் கொஞ்சமாக நலியலாம். துணைமின் நிலையத்துப் பிரேக்கரின் தொடுமுனைகள் உருகி ஒட்டலாம். மின்தேக்கியை வலையிலிருந்து நீக்கும்போது நேரக்கூடியது இதைவிடக் கடுமையானது. இரண்டையும் அடக்கும் வழிகள் நெடுநாளாகத் தெரிந்தவையே. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் ஒவ்வொரு வட்டாரத்திலும் தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலை வட்டாரத்தில் மின்தேக்கியின் தேவை கிணற்றிலிருந்து தொடங்குகிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் பாசனம் எட்டும் ஊர்கள் போக, செங்கம், போளூர், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பியவை. நீர்மட்டம் இறங்க இறங்க, கரையில் இருந்த மோட்டார் நீருக்குள் மூழ்கும் மோட்டாராகி, அதன் குதிரைத்திறனும் கூடிவந்தது. மோட்டார் தன் காந்தப்புலத்தை எழுப்புவதற்காக ஒவ்வொரு சுழற்சியிலும் மின்சாரத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. இந்தப் போக்குவரத்து தண்ணீரை இறைப்பதில்லை. கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் சூடாக்கி, கடைசிக் கம்பத்து அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. இதுவே எதிர்வினைத் திறன். இதன் அலகு கிலோவார்.

5 குதிரைத்திறன் பம்புசெட்டை எடுத்துக்கொள்ளலாம். அது 4.7 கிலோவாட் இழுக்கிறது, திறன்காரணி 0.75 என்றால், கூடவே 4 கிலோவாருக்குச் சற்று அதிகமான எதிர்வினைத் திறனையும் இழுக்கிறது. ஸ்டார்ட்டர் அருகே 2 கிலோவார் மின்தேக்கி ஒன்றை மாட்டினால் திறன்காரணி 0.9ஐத் தொட்டுவிடும். கிராமத்தில் கண்டன்சர் என்று சொல்லப்படும் அந்தச் சிறு டப்பா, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது. இருந்தும் பல பம்புசெட்டுகளில் அது இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானது. கட்டணம் இல்லாத இணைப்பில், மின்தேக்கியைத் தன் செலவில் வாங்கி மாட்ட விவசாயிக்குப் பணவகைக் காரணம் எதுவும் இல்லை. அந்தச் சுமை துணைமின் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாநிலம் முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கான எதிர்வினைத் திறனில் பெரும்பங்கை துணைமின் நிலையத்தில் எல்லா இணைப்புகளும் சேரும் பொதுக்கம்பியான 11 கிலோவோல்ட் பஸ்ஸில் இணைத்த பெரிய மின்தேக்கித் தொகுதிகளைக் கொண்டே ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

பெரிய தொகுதியை எந்நேரமும் இணைத்தே வைத்திருக்க முடியாது. பம்புசெட்டுகள் ஓடும் வேளையில் அது வேண்டும். அவை நின்ற பின்னும் அது வலையில் இருந்தால் அழுத்தம் மேலேறும், திறன்காரணி எதிர்ப்பக்கம் சாயும். ஆகவே நாளுக்கு ஒருமுறையாவது இணைத்து, ஒருமுறையாவது நீக்க வேண்டும். ஆண்டுக்கு எழுநூறு தடவைக்கும் மேல் பிரேக்கர் இயங்கும். எழுச்சி என்பது விபத்தைப் போல எப்போதோ வருவதன்று. வேலையின் பகுதியாகத் தினமும் நிகழ்வது. அதன் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடவும் இந்த அன்றாடத் தன்மையே காரணம்.

எழுச்சி ஏன் பிறக்கிறது? காலியாக இருக்கும் மின்தேக்கியின் அழுத்தம் சுழி. அழுத்த அலை உச்சத்தில் நிற்கும் கணத்தில் பிரேக்கர் மூடினால், மின்தேக்கி ஒரே கணத்தில் நிரம்பிவிட முடியாது; பஸ்ஸின் அழுத்தம்தான் அதன் மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். டிரான்ஸ்பார்மர், கம்பிகள் ஆகியவற்றின் தூண்டல் வழியே மின்னோட்டம் பாய்ந்து மின்தேக்கியை நிரப்புகிறது. நிரம்பியதும் பாய்ச்சல் நின்றுவிடுவதில்லை. தூண்டலில் தேங்கிய ஆற்றல் அதை மேலும் தள்ளுகிறது. வில்தராசின் கொக்கியில் எடைக்கல்லை மெல்ல இறக்கினால் முள் சரியான அளவில் நிற்கும். கல்லைச் சட்டென்று விட்டால் முள் இருமடங்கு வரை ஓடித் திரும்பும். இங்கும் கொள்கையளவில் உச்சம் இருமடங்கு. நடைமுறையில் கம்பியின் தடையும் இணைந்திருக்கும் சுமைகளும் அதிர்வை மட்டுப்படுத்துவதால் 1.2 முதல் 1.8 மடங்குக்குள் நிற்கும். அழுத்த அலை சுழியைக் கடக்கும் கணத்தில் மூடினால் எழுச்சி அநேகமாக இல்லை. பொத்தானை அழுத்துகிறவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுழியிலிருந்து உச்சத்துக்கு 5 மில்லிநொடிதான் தூரம்.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் அளவு தெளிவாகும். 11 கிலோவோல்ட் பஸ்ஸில் 2.4 மெகாவார் தொகுதி ஒன்று இருப்பதாகவும், அவ்விடத்துக் குறுக்குச்சுற்றுத் திறன் 150 எம்.வி.ஏ. என்றும் வைத்துக்கொள்ளலாம். தொகுதியின் இயல்பான மின்னோட்டம் 126 ஆம்பியர். ஒரு முனைக்கான தேக்குதிறன் 63 மைக்ரோஃபாரட். டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் தூண்டல் ஏறத்தாழ 2.6 மில்லிஹென்றி. இரண்டும் சேர்ந்து அதிரும் அதிர்வெண் 395 ஹெர்ட்ஸ். குறுக்குச்சுற்றுத் திறனைத் தொகுதியின் அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 50ஆல் பெருக்கினாலே இந்த எண் கிடைத்துவிடும். முதல் பாய்ச்சல் மின்னோட்டத்தின் உச்சம் 1,400 ஆம்பியர். பேஸ் ஒன்றின் அழுத்த உச்சம் 9 கிலோவோல்ட். எழுச்சியின் கொள்கை எல்லை 18 கிலோவோல்ட். பிரேக்கருக்கும் மின்தேக்கிக்கும் இவை தாங்கக்கூடியவையே. சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி. 60871, ஆண்டுக்கு ஆயிரம் இணைப்புகள் வரை இருமடங்கு உச்சத்தையும், இயல்பு மின்னோட்டத்தின் நூறு மடங்கு வரையிலான கணப் பாய்ச்சலையும் மின்தேக்கி தாங்க வேண்டும் என்கிறது.

அதே பஸ்ஸில் இரண்டாவது தொகுதியைச் சேர்க்கும்போது நிலைமை மாறுகிறது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் முதல் தொகுதி தன் மின்னூட்டத்தை நேராக இரண்டாவதற்குள் கொட்டுகிறது. இடையில் டிரான்ஸ்பார்மரின் தூண்டல் இல்லை. சில மீட்டர் பஸ் கம்பியின் தூண்டல் மட்டுமே. அது 20 மைக்ரோஹென்றி என்றால், முன்சொன்ன அளவுள்ள இரு தொகுதிகளுக்கிடையே பாயும் உச்சம் 11,000 ஆம்பியரைத் தாண்டும், அதிர்வெண் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல். இயல்பு மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. பிரேக்கரின் தொடுமுனைகள் நெருங்கும்போதே இடைவெளியில் மின்பொறி பாய்ந்து இந்த மின்னோட்டத்தைக் கொண்டுவிடுவதால், அவை உருகிய நிலையில் ஒன்றோடொன்று மோதுகின்றன. அடுத்த முறை பிரியும்போது அங்கே கூர்முனைகள் எஞ்சும். அந்தக் கூர்முனைகளின் விளைவு நீக்கும் வேளையில் தெரியும்.

நீக்கும் வேளைக்கு வரலாம். மின்தேக்கியின் மின்னோட்டம் அழுத்தத்துக்குக் கால் சுழற்சி முந்தி ஓடுகிறது. பிரேக்கர் மின்னோட்டத்தை அதன் சுழிப் புள்ளியில் அறுக்கும்; அப்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த உச்ச அழுத்தம் மின்தேக்கியில் அப்படியே தங்கிவிடுகிறது. மின்வலைப் பக்கத்து அழுத்தமோ தொடர்ந்து ஆடி, 10 மில்லிநொடியில் எதிர் உச்சத்தை அடைகிறது. பிரேக்கரின் இரு முனைகளுக்கிடையே இப்போது உச்சத்தைப் போல இருமடங்கு. நடுப்புள்ளி நிலத்தோடு சேராத ஸ்டார் இணைப்பாக இருந்தால் முதலில் அறுபடும் பேஸில் இரண்டரை மடங்கு வரை போகும். இடைவெளி இதைத் தாங்கினால் எல்லாம் நலம். தாங்காமல் மீண்டும் மின்பொறி பற்றிக்கொண்டால், நேர் உச்சத்தில் தங்கிய மின்தேக்கி எதிர் உச்சத்தை நோக்கிப் பாய்ந்து அதையும் கடந்து மும்மடங்கில் போய் நிற்கும். மறுபடியும் அறுந்து மறுபடியும் பற்றினால் ஐந்து மடங்கு என்று கணக்கு வளரும். மின்தேக்கி டப்பாக்கள் உப்பி வெடிப்பதும், பஸ்ஸில் கட்டிய அழுத்த அளவி டிரான்ஸ்பார்மர்கள் சிதறுவதும் இந்த வழியில்தான்.

ஆகவே மின்தேக்கிக்கு, ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பித்தொடரான ஃபீடருக்கு வைக்கும் சாதாரண பிரேக்கரே போதும் என்ற எண்ணம் கூடாது. ஐ.ஈ.சி. 62271-100 தரம், தேக்க மின்னோட்டத்தை அறுக்கும்போது மீண்டும் பற்றும் வாய்ப்பைக் கொண்டு பிரேக்கர்களை சி1, சி2 என இரண்டாகப் பிரிக்கிறது. வாய்ப்பு மிகக் குறைவானது சி2. தினமும் இயங்கும் தொகுதிக்கு சி2 வகையையே கேட்டு வாங்க வேண்டும். வெற்றிடப் பிரேக்கர்களில் மின்னோட்டம் அறுந்து வெகுநேரம் கழித்தும் இடைவெளி ஒருமுறை உடையும் இயல்பு உண்டு என்பதால், கொள்முதல் ஆவணத்தில் இந்த ஒரு வரி விடுபட்டால் பின்னால் அதைச் சரிசெய்ய வழியில்லை. 1960இல் தொடங்கப்பட்ட மத்திய மின்திறன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் போன்ற இடங்களில் நடக்கும் வகைச் சோதனையின் சான்று, இரு தொகுதிகள் அருகருகே இருக்கும் நிலைக்கும் உரியதா என்று படித்துப் பார்ப்பது வாங்குகிறவரின் பொறுப்பு.

துணைமின் நிலையத்துக்குள் நடப்பது இவ்வளவும். அதிகம் கவனிக்கப்படாத பகுதி வெளியே இருக்கிறது. 395 ஹெர்ட்ஸ் அளவிலான எழுச்சி, இடியின் எழுச்சியைப் போல மைக்ரோநொடிகளில் முடிவதன்று. அது டிரான்ஸ்பார்மரைத் தடையில்லாமல் கடந்து தாழ்வழுத்தப் பக்கத்துக்கு வருகிறது. அங்கே நுகர்வோரின் சொந்த மின்தேக்கி இருந்தால், அதுவும் அந்த டிரான்ஸ்பார்மரின் தூண்டலும் சேர்ந்து தமக்கென ஓர் அதிர்வெண் கொண்டிருக்கும். இரண்டு அதிர்வெண்களும் நெருங்கிவிட்டால் 11 கிலோவோல்ட் பக்கத்தில் 1.5 மடங்காக இருந்த எழுச்சி 415 வோல்ட் பக்கத்தில் மூன்று மடங்கையும் தொடலாம். ஷுல்ட்ஸ், ஜான்சன் ஆகியோர் 1959இலேயே அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தின் இதழில் இந்தப் பெருக்கத்தை விரிவாகக் காட்டிவிட்டார்கள். ஆலைகளில் மின்னணுக் கருவிகள் பெருகிய பிறகே அதன் அருமை உறைத்தது.

ஆரணி வட்டாரம் பட்டுக்கு மட்டுமின்றி அரிசி ஆலைகளுக்கும் பேர்போனது. ஆலை ஒன்றுக்கு 250 கே.வி.ஏ. சொந்த டிரான்ஸ்பார்மர், அதன் மின்மறுப்பு 4.5 விழுக்காடு என்று கொள்வோம். உமி நீக்கும் இயந்திரம், தீட்டும் இயந்திரம், ஊதி, எலிவேட்டர் எல்லாம் சேர்ந்து 160 கிலோவாட், திறன்காரணி 0.75. தாழ்வழுத்த, உயரழுத்தத் தொழில் நுகர்வோர் குறித்த திறன்காரணிக்குக் கீழே போனால் தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பின்படி கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். எனவே ஆலை உரிமையாளர் 0.95 வரை உயர்த்தப் பார்ப்பார். அதற்குத் தேவை ஏறத்தாழ 88 கிலோவார். அந்த டிரான்ஸ்பார்மரின் தூண்டலோடும் அதற்கு மேலுள்ள மின்வலையின் தூண்டலோடும் 86 கிலோவார் மின்தேக்கி சேர்ந்தால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 395 ஹெர்ட்ஸில் விழுகிறது. முன்னே கணக்கிட்ட 2.4 மெகாவார் தொகுதியின் அதிர்வெண்ணும் அதுவே. இடையிலுள்ள கம்பியின் நீளம் இந்த எண்ணை ஓரளவு நகர்த்தும். துணைமின் நிலையத்துக்கு அருகிலுள்ள ஆலைக்கு நகர்வு குறைவு. உரிமையாளர் விதியை மதித்தார், மின்துறை தன் தொகுதியை முறைப்படி நிறுவியது. இருவரும் தனித்தனியே சரியாகச் செய்த இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

ஆலை ஓடிக்கொண்டிருந்தால் அதன் சுமை அதிர்வை மட்டுப்படுத்தும். அரவை நின்றபின் மின்தேக்கிப் பலகையை மட்டும் அணைக்காமல் விட்டுப் போகும் வேளைதான் மோசமானது. அப்போது நிறம் பார்த்து அரிசி பிரிக்கும் கருவியின் மின்வழங்கி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இவையெல்லாம் முழு எழுச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. 415 வோல்ட் மின்சாரத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளே நேர்மின்னழுத்தம் 587 வோல்ட். பல கருவிகள் 800 வோல்ட் அருகே தம்மைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன, அதாவது 1.36 மடங்கு. பெருக்கமே இல்லாத சாதாரண எழுச்சியும் இந்த எல்லையைத் தாண்டக்கூடும். செய்யாறு சிப்காட் வளாகத்தைப் போலத் தானியங்கி இயந்திரங்கள் வரிசையாக ஓடும் இடங்களில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காரணம் தெரியாமல் இயந்திரம் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது துணைமின் நிலையத்தில் தொகுதி இணைக்கப்படும் நேரத்தைத்தான்.

வீட்டுக் கருவிகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் வேறு வகைத் தேய்மானம். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும், கார்த்திகை தீப நாட்களில் ஊர் முழுவதும், எல்.இ.டி. விளக்குகளும் தங்கும் விடுதிகளின் மின்தூக்கிகளும் கண்காணிப்புக் கேமராக்களும் நிறைந்திருக்கின்றன. இவற்றின் உள்ளே இருக்கும் 275 வோல்ட் வகை வேரிஸ்டர் 430 வோல்ட் அருகே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். 240 வோல்ட்டின் இயல்பு உச்சம் 339. எழுச்சி 1.3 மடங்கைத் தாண்டினாலே வேரிஸ்டர் வேலை செய்யத் தொடங்குகிறது. இடியின் மைக்ரோநொடி வீச்சை விழுங்க அமைந்த அந்தச் சிறு வில்லை, மில்லிநொடிக் கணக்கில் நீளும் பெருக்கப்பட்ட எழுச்சியைத் தினமும் விழுங்கினால் ஒருநாள் எரிந்துபோகும்.

அடக்கும் வழிகளில் எளியது, தொகுதியோடு தொடராக ரியாக்டரை வைப்பது. மின்தேக்கியின் மறுப்பில் 0.2 விழுக்காடு அளவுள்ள சிறு ரியாக்டர், அருகருகே இருக்கும் தொகுதிகளுக்கிடையேயான பாய்ச்சலை 11,000 ஆம்பியரிலிருந்து 2,000க்குக் கொண்டுவந்துவிடும். பிரேக்கரின் ஆயுள் இதனால் மிகவும் நீள்கிறது. ஆனால் இந்தச் சிறு ரியாக்டர் பஸ்ஸின் அழுத்த எழுச்சியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. இதை மாட்டிவிட்டு நுகர்வோரும் காக்கப்பட்டதாக எண்ணுவது தவறு. 6 விழுக்காடு ரியாக்டர் வேறு ரகம். அது அடிப்படை அதிர்வெண்ணின் ஐந்து மடங்கான ஐந்தாம் ஹார்மோனிக்கோடு ஒத்ததிர்வு வராமல் தடுப்பதற்காக வைக்கப்படுவது. அதன் தூண்டல் டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் தூண்டலைப் போல நான்கு மடங்குக்கு அருகில் இருப்பதால், இணைக்கும் கணத்தில் பஸ்ஸின் சரிவை அதுவே தாங்கிக்கொள்கிறது. நம் கணக்கில் பஸ் அழுத்தம் சுழி வரை சரியாமல் 0.79 வரைதான் சரியும், மேலே 1.21 மடங்கோடு நிற்கும். அதிர்வெண்ணும் 181 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் அரிசி ஆலையின் 395 ஹெர்ட்ஸோடு பொருந்துவதில்லை. விலையும் இடமும் கூடுதல். மின்தேக்கியின் நிலையான அழுத்தம் 6.4 விழுக்காடு உயர்வதால் அதற்கேற்ற அழுத்த மதிப்புள்ள டப்பாக்களை வாங்க வேண்டும். ஹார்மோனிக்ஸ், எழுச்சி இரண்டுக்கும் ஒரே செலவில் மருந்து என்பதால், ஆலைகளும் எல்.இ.டி. விளக்குகளும் பெருகிவரும் ஃபீடர்களுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

முன்னிணைப்புத் தடை பழைய, நம்பகமான வழி. முதலில் ஒரு தடை வழியாக மின்தேக்கியை இணைத்து, 10 அல்லது 15 மில்லிநொடி கழித்து அந்தத் தடையைக் குறுக்காக மூடிவிடுவது. தடையின் அளவு தூண்டலுக்கும் தேக்குதிறனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியிருந்தால் பலன் அதிகம். மேற்சொன்ன தொகுதிக்கு அது 6 ஓம் சொச்சம். கூடுதலாக ஒரு தொடுமுனையும் அதன் பொறியமைப்பும் தேவைப்படுவதால் 11 கிலோவோல்ட்டில் இது அரிது. உயர் அழுத்தங்களில் உண்டு. தாழ்வழுத்த மின்தேக்கிப் பலகைகளில் இதே கருத்து மலிவாகக் கிடைக்கிறது. ஏசி-6பி வகைத் தொடுவிசைகளில் முக்கியத் தொடுமுனைக்கு முன்பே மூடிக்கொள்ளும் சிறு தொடுமுனைகளும் அவற்றோடு சுருள் தடைக் கம்பிகளும் இருக்கும். பழுது வந்தபோது இவற்றுக்குப் பதில் சாதாரண மோட்டார் தொடுவிசையை மாட்டிவிடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. சில மாதத்தில் தொடுமுனை ஒட்டிக்கொள்வது அதன் விளைவு.

கணம் பார்த்து மூடுவது மூன்றாவது வழி. காரணத்தையே நேராகத் தொடுவதும் இதுதான். அழுத்த அலையை அளந்துகொண்டேயிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, மூடும் கட்டளை கிடைத்ததும் உடனே மூடாமல், ஒவ்வொரு முனையையும் அதற்குரிய சுழிப் புள்ளியில் மூடச் செய்கிறது. நடுப்புள்ளி நிலத்தோடு சேர்ந்த தொகுதியில் மூன்று முனைகளும் 3.3 மில்லிநொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மூடும். நிலத்தோடு சேராத தொகுதியில் இரண்டு முனைகள் தமக்கிடையேயான அழுத்தம் சுழியாகும்போது சேர்ந்து மூட, மூன்றாவது 5 மில்லிநொடி கழித்து மூடும். ஒரு மில்லிநொடி பிசகினாலும் எழுச்சி 1.31 மடங்கைத் தாண்டாது. இதற்கு முனைக்கு முனை தனியே இயங்கும் பொறியமைப்பும், தடவைக்குத் தடவை மாறாத மூடுநேரமும் வேண்டும். வில்லின் இறுக்கம், மின்கல அடுக்கின் அழுத்தம், எண்ணெயின் பிசுக்கு, நெடுநேரம் சும்மா கிடந்தது ஆகிய ஒவ்வொன்றும் மூடுநேரத்தை நகர்த்தும். சித்திரை வெயிலில் 40 பாகையைத் தொடும் திறந்த முற்றத்திலும் மார்கழி விடியலிலும் ஒரே பிரேக்கர் ஒரே மாதிரி இயங்காது. கருவியில் வெப்பநிலைத் திருத்தம் சேர்த்திருக்க வேண்டும். 110 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இந்தச் செலவு நியாயமானது. 11 கிலோவோல்ட்டில் மூன்று முனையும் ஒரே தண்டில் இயங்கும் பிரேக்கர்களே மிகுதி. அவற்றுக்கு இது ஏற்றதன்று.

துத்தநாக ஆக்சைடு மின்னல் தடுப்பான் எழுச்சி பிறப்பதைத் தடுப்பதில்லை. அதன் உச்சியை வெட்டுகிறது. முக்கியமாக, பிரேக்கர் மீண்டும் பற்றிக்கொள்ளும் அரிய வேளைக்கு அதுவே கடைசிக் காவல். ஆனால் தொகுதியில் தேங்கிய ஆற்றல் அதன் வழியே பாயும் என்பதால், ஃபீடர் கம்பத்தில் மாட்டும் சாதாரண வகையை இங்கே வைக்கக் கூடாது. ஆற்றல் கொள்ளளவைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு: காத்திருத்தல். தங்கிய மின்னூட்டம் வடிவதற்கு முன் தொகுதியை மீண்டும் இணைத்தால், எதிரெதிர் உச்சங்கள் சந்தித்து எழுச்சி மும்மடங்கை நோக்கிப் போகும். உயரழுத்த மின்தேக்கியின் உள்தடைகள் அதன் அழுத்தத்தை 10 நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.ஈ.சி. தரம், தாழ்வழுத்தத்துக்கு 3 நிமிடம். துணைமின் நிலையங்களில் ஆர்.வி.டி. எனப்படும் அளவி டிரான்ஸ்பார்மர் சமநிலைக் குறைவைக் காட்டுவதோடு மின்னூட்டத்தையும் விரைவில் வடித்துவிடுகிறது. இருந்தாலும் மறுமூடலைத் தடுக்கும் நேரப் பூட்டு பிரேக்கரில் இருந்தே ஆக வேண்டும். பணிக்காகத் தொகுதிக்குள் இறங்குகிறவர்களின் உயிரும் அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது. நிலக்கழி போட்டுச் சோதிக்காமல் எந்த டப்பாவையும் தொடலாகாது.

காத்திருக்க முடியாத மின்தேக்கிகள் ஃபீடரின் மறுமுனையில் இருக்கின்றன. தேரோடும் கோயில் ஊர்களில் வீதிக் கம்பிகளின் மின்சாரத்தை நிறுத்தி, தேர் கடந்ததும் திரும்ப விடுவது வழக்கம். விவசாய ஃபீடர்களில் மும்முனை மின்சாரத்தை முறைவைத்து விடுவதும் நெடுநாள் பழக்கம். மின்சாரம் திரும்பும் கணத்தில், அணைக்காமல் கிடந்த அத்தனை மின்தேக்கிகளும் ஒரே சமயத்தில் இணைகின்றன. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய மோட்டார்கள் அடுத்த சில நொடிகளில் கூட்டமாகக் கிளம்புகின்றன. இரண்டு முனை மின்சாரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்காகச் சில விவசாயிகள் மாட்டும் கூடுதல் கண்டன்சரும் இதில் சேரும். மோட்டாரோடு நேராகக் கட்டிய மின்தேக்கி அளவுக்கு மீறினால், மின்சாரம் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராகித் தன் அழுத்தத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும். சுமையின்றி ஓடும்போது மோட்டார் வாங்கும் கிலோவாரில் 90 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் மின்தேக்கி மாட்ட வேண்டும் என்ற விதி இதற்காகவே. ஸ்டார்ட்டரின் தொடுவிசைக்கு மோட்டார் பக்கம் மின்தேக்கியைக் கட்டினால், மோட்டார் நின்றதும் அதுவும் வலையை விட்டு விலகிவிடும். மின்சாரம் திரும்பும்போது அது கூட்டத்தோடு சேராது. ஆட்டோ ஸ்டார்ட்டர்களுக்கு வெவ்வேறு தாமதம் வைப்பதும் அதே அளவு எளிது. இரண்டுக்கும் தேவை ஊர் மின்பணியாளரின் ஒரு மணி நேரம்.

ஆலைப் பக்கத்தில் செய்யத்தக்கது, வெறும் மின்தேக்கிக்குப் பதில் 7 விழுக்காடு ரியாக்டரோடு கூடிய பலகையை வைப்பது. அந்தக் கிளை 189 ஹெர்ட்ஸுக்கு மேல் தூண்டியைப் போலவே நடந்துகொள்வதால், துணைமின் நிலையத்திலிருந்து வரும் எழுச்சியைப் பெருக்கும் திறன் அதற்கு இல்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் நுழைவில் 3 விழுக்காடு சோக் வைத்தால், எழுச்சியின் வேளையில் உள்ளே பாயும் மின்னோட்டம் மட்டுப்பட்டு, கருவி நிற்பது பெரும்பாலும் தவிர்க்கப்படும். திறன்காரணிக் கட்டணத்தைப் பற்றி நுகர்வோருக்கு எழுதும் அறிவிப்பிலேயே, எந்த வகை மின்தேக்கிப் பலகை என்பதையும் துறை சொல்லிவிடுவது நல்லது. இப்போது கட்டணம் மட்டுமே நுகர்வோரை எட்டுகிறது. அளவும் வகையும் கடைக்காரரின் பரிந்துரைக்கு விடப்பட்டிருக்கின்றன.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கணக்கும் அளவீடும் முன்னே நிற்க வேண்டும். ஹெர்மன் டொம்மெல் 1969இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த கணினி நிரல்கள் இத்தகைய அதிர்வுகளை நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. துணைமின் நிலைய அளவில் முதல் மதிப்பீட்டுக்குக் குறுக்குச்சுற்றுத் திறனும் வர்க்கமூலமும் போதும். அளவீட்டுக்கு, சுழற்சிக்கு 128 மாதிரிகளாவது எடுக்கும் பதிவுக்கருவியை பஸ்ஸில் ஒன்றும், ஃபீடரில் ஐயத்துக்குரிய நுகர்வோரின் தாழ்வழுத்தப் பக்கத்தில் ஒன்றும் வைத்து, தொகுதியைப் பல முறை இணைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவுகட்டக் கூடாது. அந்த முறை பிரேக்கர் சுழிப் புள்ளியில் மூடியிருக்கலாம்.

இந்தக் கணக்கு என்றைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. துணைமின் நிலையத்தில் இரண்டாவது டிரான்ஸ்பார்மரை இணையாகச் சேர்த்து 150 எம்.வி.ஏ.வை 300 ஆக்கினால், அதே 2.4 மெகாவார் தொகுதியின் அதிர்வெண் 395இலிருந்து 559 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 86 கிலோவார் வைத்திருந்த ஆலை தப்பித்துக்கொள்ளும். அதே அளவு டிரான்ஸ்பார்மரில் 44 கிலோவார் வைத்து இதுவரை தொல்லையில்லாமல் இருந்த வேறோர் ஆலை ஒத்ததிர்வுக்குள் வந்துவிடும். டிரான்ஸ்பார்மர் கூட்டும் பணியின் மதிப்பீட்டிலேயே தொகுதிகளின் மறுகணக்கையும், அந்த ஃபீடர்களில் பெரிய மின்தேக்கிப் பலகை வைத்திருக்கும் நுகர்வோரின் பட்டியலையும், இணைத்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துவிட்டால், இந்த இடமாற்றம் ஆலைக்காரரின் கருவி எரிந்த பிறகு தெரியவராமல் முன்கூட்டியே தெரிந்துவிடும்.